கேரிக்குப் பொருந்தாத பம்பு

கேரியை விற்பதில் மெரியானுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம், எகுத்தானுக்கு மட்டும் கூடாது என்பதில்தான் அவன் பிடிவாதமாக இருந்தான்.

அம்மாவுக்கு அந்த வித்தியாசம் ஒரு பொருட்டில்லை. வண்டி முற்றத்தை விட்டுப் போனால் போதும். அப்பாவைப் புதைத்துவிட்டு வந்த மறுநாளே சொல்லிவிட்டாள். தலையை மழித்து, கழுத்து மணிகளையெல்லாம் கழற்றி வைத்திருந்தாள். மணிகள் இல்லாத அந்தக் கழுத்தை மெரியான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. விடியும்போது என்ஜின் சத்தத்துக்குக் காது தானாகக் காத்திருக்கிறது, சத்தம் வராதபோதுதான் அவர் இல்லை என்பது நினைவுக்கு வருகிறது, தினமும் காலையில் இப்படி ஒருமுறை அவரைச் சாகவிட என்னால் முடியாது என்றாள்.

"ஒண்ணு ஓட்டு, இல்லேன்னா வித்துடு. சும்மா நிக்க விடாத."

"விக்கிறேன்."

"எகுத்தான் கேட்டார்."

"அந்த ஆளுக்கு இல்ல."

"ஏன், அவர் காசு செல்லாதா?"

மெரியான் வெளியே போய் வண்டியின் பக்கத்தில் நின்றான்.

நீளமான பழைய லேண்ட் ரோவர். மெரியானைவிட மூத்தது. அப்பா இளவட்டமாக இருந்தபோது கால்நடைத் துறையில் தடுப்பூசிப் பெட்டி ஏற்றிப் போகும் வண்டியை ஓட்டினார். அந்த வண்டி ஏலத்துக்கு வந்ததும் தன் பங்கு எருதுகளை விற்று அதை எடுத்தார். அண்ணன் தம்பிகள் சிரித்தார்கள். எருதை விற்றுத் தகரம் வாங்கியிருக்கிறான், இது மேயாது, ஈனாது, செத்தால் தோல்கூடத் தேறாது என்றார்கள். கறக்கும், பாருங்கள் என்று மட்டும் அப்பா சொன்னாராம். கறந்தது. வீடு, இரண்டு அக்காமாரின் கல்யாணம், மெரியானின் படிப்பு எல்லாம் அதன் மடியிலிருந்து வந்தவைதான்.

ஒரு கதவு சிவப்பு, ஒரு கதவு நீலம், பானெட் பச்சை, கூரை வெள்ளை. அதனால் கேரி. புள்ளி விழுந்த மாட்டுக்கு மராலால் ஊர்ப் பக்கத்தில் வைக்கிற பெயர். மந்தை மேய்ச்சலுக்குக் கிளம்பும்போது செய்வதைப் போலவே, அப்பா தினமும் காலையில் குடுவைப் பாலில் ஒரு பிடி புல்லை நனைத்து பானெட்டின் மேல் உதறிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவார். பால் காய்ந்து அந்தப் பச்சையிலும் புள்ளி விழுந்திருக்கும்.

மராலாலிலிருந்து பாரகோய்க்குப் போய்த் திரும்புவதுதான் அவருடைய தொழில். உள்ளே ஆட்கள், கூரையில் ஆடுகள், மாவு மூட்டை, சில சமயம் சவம். கட்டணத்தில் யாருக்கும் சலுகை கிடையாது. மாமியாருக்கும் கிடையாது. மாமியார் முகத்தை மருமகன் பார்க்கக் கூடாது என்பதால் கிழவி ஏறுகிற நாட்களில் முன் இருக்கைக்கும் பின்பக்கத்துக்கும் நடுவே போர்வை ஒன்றைக் கட்டுவார்கள். அவள் கொடுக்கும் காசு நாலைந்து கை மாறி முன்னால் வரும். மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பிப் போகும். ஒருமுறை சில்லறை குறைந்துவிட்டது. போர்வைக்கு அந்தப் பக்கம் கிழவி யாரையும் குறிப்பிடாமல் திட்ட, இந்தப் பக்கம் அப்பா யாருக்கும் இல்லாமல் பதில் சொல்ல, வண்டியில் இருந்தவர்கள் மார்த்தி ஊர் வரும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்களாம்.

இதையெல்லாம் மெரியான் கேள்விப்பட்டதோடு சரி. அவன் அந்த வண்டியில் இல்லை. விடுதிப் பள்ளியில் இருந்தான். ஒரே மகன். மாடு மேய்க்க ஒருவன், படிக்க ஒருவன் என்று பிரிக்கும் வீடுகளில் இரண்டாவது மகன் இருப்பான், இங்கே இல்லை. மாட்டை விற்று வண்டி வாங்கியவருக்கு மேய்க்க ஆளும் தேவைப்படவில்லை. நான் வண்டிக்கு வருகிறேன் என்று அவன் அழுதபோது அப்பா கேரியிலேயே ஏற்றிக்கொண்டு போய்ப் பள்ளி வாசலில் இறக்கிவிட்டார். திரும்பிப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போனார். பின்னாலேயே எகுத்தானின் வண்டி போனது.

எப்போதும் அப்படித்தான். அந்தச் சாலையில் ஒற்றை வண்டி போகாது. எகுத்தான் துர்கானா இனம், அப்பா சம்புரு. வழியில் துப்பாக்கியோடு சம்புருப் பையன்கள் மறித்தால் அப்பா இறங்கிப் பேசுவார். துர்கானாப் பையன்கள் மறித்தால் எகுத்தான் இறங்கிப் பேசுவார். அப்போதெல்லாம் மற்றவர் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருப்பார். இரண்டு இனமும் ஒன்றை ஒன்று சுட்டுக்கொண்டிருந்த வருஷங்களிலும் இரண்டு வண்டியும் சேர்ந்தே ஓடின. பாரகோயில் ஒரே தார்ப்பாய்க்குக் கீழே தூங்கினார்கள். ஒரே தட்டில் உகாலிக் களி தின்றார்கள். அம்மா அப்பாவோடு கழித்த இரவுகளைவிட எகுத்தான் கழித்தவை அதிகம். மெரியானின் கணக்கை அதோடு ஒப்பிடவே வேண்டாம்.

ஆனால் அவன் வயிற்றை எரித்தது அது இல்லை. பெயர்.

அந்தப் பக்கத்து மக்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு ஒருவர் ஆடு கொடுத்தால் அன்றிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் ஆடு என்றே கூப்பிட வேண்டும். பசு கொடுத்தால் பசு. கொடுத்தவருக்கும் அதே பெயர், வாங்கியவருக்கும் அதே பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கொடுத்ததை மறந்துவிட்டதாக அர்த்தம். காசு கொடுத்து வாங்கியதற்குப் பெயர் கிடையாது. மற்றவர்களுக்கு இந்தப் பெயர்கள் மாட்டில் வந்தன, அப்பாவுக்கு உதிரிப் பாகங்களில் வந்தன. மார்த்தியில் டீக்கடை வைத்திருந்த அம்மாள் அந்த நீலக் கதவைக் கொடுத்தாள்; அவளுக்கு அப்பா கதவு, அப்பாவுக்கு அவளும் கதவு. மொரிஜோ ஊர்க்காரர் ஒருவர் ஸ்பிரிங் பட்டை கொடுத்தார். அவர்கள் இருவரும் பட்டை. இன்னொருவருக்கு வைப்பர். மழைத்தூறலில் சாலையோரம் நிற்கிற கிழவர் ஒருவர் "வைப்பர், பால் இருக்கா?" என்று கத்துவதும், "இருக்கு வைப்பர், ஏறு" என்று அப்பா நிறுத்துவதும் அந்தச் சாலையில் யாருக்கும் வேடிக்கையாகப் படவில்லை.

மெரியானுக்கு அவர் வெறும் அப்பா. அவருக்கு அவன் வெறும் மெரியான்.

விடுமுறையில் எப்போதாவது அவனை ஏற்றிக்கொள்வார். பொரோர் ஏற்றத்தில் கேரி தவறாமல் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி குதிக்கும். தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவன் வேலை. கொதிப்பு அடங்கும்வரை அப்பா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருப்பார். அவனும் பக்கத்தில் உட்காருவான். எகுத்தானின் வண்டியும் கொதிக்கும், அதே என்ஜின்தானே. அவரும் வந்து நடுவில் உட்காருவார்.

நைரோபியில் தொழிற்கல்லூரியின் கடைசி வருஷம் அவன் ஒரு நீர் பம்பு செய்தான். என்ஜினில் தண்ணீரைச் சுற்றவிடும் பம்பு. அளவெல்லாம் நினைவிலிருந்து எடுத்தான். ஒரு பழைய உறையையும் தேடிப் பிடித்தான். உள்ளே சுழலும் இறக்கையைப் பித்தளையில் கடைந்தான். கம்பெனி இறக்கையைவிடக் கொஞ்சம் பெரியது, வளைவு அதிகம். பொருத்தும் காது ஒன்றில் துளையைத் தள்ளிப் போட்டுவிட்டான். அதைப் பித்தளை வைத்து அடைத்து, அரம் போட்டு, பக்கத்தில் சரியான துளை போட்டான். ஆசிரியர் அதற்கு மதிப்பெண்ணைக் குறைத்தார். அவன் கவலைப்படவில்லை. பெட்டியில் வைத்துக் கட்டி மராலால் பஸ்ஸில் அனுப்பினான். அந்தப் பெட்டியோடு அவன் கேட்காமல் கேட்டது ஒன்றுதான். அப்பா தன்னைப் பம்பு என்று கூப்பிட வேண்டும்.

டிசம்பரில் ஊருக்கு வந்தான். வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே சத்தம் வந்துவிட்டது. டீசல் சத்தம். பெட்ரோல் என்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு, கவிழ்ந்து கிடந்த ஒரு லாரியின் டீசல் என்ஜினை விலைக்கு வாங்கி அப்பா மாட்டியிருந்தார். அவன் செய்த பம்பு அதில் எந்த வகையிலும் பொருந்தாது. பானெட்டைத் திறக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, காதாலேயே தெரிந்துகொண்டான். அப்பா பம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனும் கேட்கவில்லை. பழைய இரும்புக் குவியலில் கிடக்கும் என்று எண்ணிக்கொண்டான்.

அன்று மாலை எகுத்தான் முற்றத்துக்கு வந்து, "என்ன பம்பு, பையன் வந்துட்டானா?" என்றார்.

"வந்துட்டான் பம்பு, டீ குடி" என்றார் அப்பா.

மெரியான் தன் டீயைக் கீழே வைத்துவிட்டான். புது என்ஜினுக்கு எகுத்தான் ஏதோ பம்பு கொடுத்திருக்கிறார். டீசல் பம்பாக இருக்கும். பொருந்துகிற பம்பு. பெயர் அவருக்குப் போய்விட்டது.

அதன் பிறகு அவன் ஊருக்கு வருவது குறைந்தது. இசியோலோவில் ஆழ்துளைக் கிணற்றுப் பம்புகளை இறக்கி ஏற்றும் வேலை. வருஷக்கணக்காக அதையே செய்தான். வந்தபோதெல்லாம் அந்த இருவரும் பம்பு, பம்பு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் வயதுக்காரர்களை அப்பையா என்று அழைப்பதுதான் மரியாதை. எகுத்தானை மட்டும் அவன் அப்படி அழைத்ததில்லை. வெறும் நீங்க, வாங்க. அவர் அதைக் கவனித்தாரா என்றும் தெரியவில்லை. பேசிக்கொண்டே இருப்பார், பரிமாறினால் நல்ல துண்டாகப் பார்த்து எடுத்துக்கொள்வார், தன் வண்டி கொதிப்பதே இல்லை, ஒட்டகம் மாதிரி என்று பீற்றிக்கொள்வார்.

அப்பாவின் கடைசிப் பயணத்திலும் எகுத்தான்தான் இருந்தார். பாரகோயில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைத் தூக்கி, தன் வண்டியை அங்கேயே போட்டுவிட்டு, கேரியை எகுத்தானே மராலாலுக்கு ஓட்டினார். பொரோர் ஏற்றத்துக்கு மேலே எங்கேயோ அப்பா அடங்கிவிட்டார். மெரியான் அப்போது பாலைவனத்தில் ஒரு கிணற்றிலிருந்து குழாயை இழுத்துக்கொண்டிருந்தான். வந்து சேர்ந்தபோது புதைப்பது மட்டும்தான் மிச்சம்.

கடைசியாக என்ன சொன்னார் என்று அவன் கேட்டான். எகுத்தானிடம் அவன் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

எகுத்தான் யோசித்தார். "ஏத்தத்துல மூணாவது கியர்லயே போயிட்டேன். 'கியரை இறக்கு, பம்பு'ன்னான். அவ்வளவுதான்."

பொய் சொல்லியிருக்கலாம். உன் பெயரைச் சொன்னான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும்? சொல்லவில்லை.

துக்கத்துக்குச் சாலை முழுக்கத் திரண்டு வந்தது. செத்தவரின் பெயரை உச்சரிக்கக் கூடாது. ஆனால் கொடுத்து வாங்கிய பெயருக்கு அந்தத் தடை இல்லை. கதவு போய்விட்டானே என்று டீக்கடை அம்மாள் அழுதாள். பட்டை இனி வரமாட்டான் என்றார் மொரிஜோக்காரர். வைப்பர் கிழவர் கல்லொன்றைக் கொண்டுவந்து குழியின் மேல் வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொருவரும் அவரவர் கதவையும் பட்டையையும் வைப்பரையும் புதைத்துக்கொண்டிருந்தார்கள். மெரியான் மண்வெட்டியோடு நின்று அதை வேடிக்கை பார்த்தான். எல்லாரும் போன பிறகு எகுத்தான் அவன் தோளில் கையை வைத்து, "வா பம்பு, வீட்டுக்குப் போலாம்" என்றார். அப்பாவின் பெயர் மகனுக்கு என்கிற கணக்கு. மெரியான் தோளை விலக்கிக்கொண்டான். அதற்குப் பிறகு எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தார். அவன் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

இந்த எகுத்தான்தான் கேரியைக் கேட்டார். மெரியான் நைரோபிக்குப் போன் போட்டு, பழைய வண்டிகளைத் தேடி வாங்கிச் சேர்க்கிற கிதிஞ்சி என்பவரைப் பிடித்தான். மழை படாத கொட்டகையில் வரிசையாக நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் துடைக்கிற ஆள். அது போதும். அப்பாவின் இருக்கையில் யாரும் உட்காராமல் இருந்தால் போதும்.

கிதிஞ்சி ஒரு காலையில் மச்சானைக் கூட்டிக்கொண்டு பளபளக்கும் காரில் வந்து இறங்கினார். சிறிய டார்ச் விளக்கை ஏந்தி கேரியைச் சுற்றி வந்தார். கீழே படுத்துப் பார்த்தார். கதவுகளைத் தட்டினார். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னார்: "நான் ஒரு வண்டி வாங்க வந்தேன். இங்க ஒரு ஊரே கூடி நிக்குது."

"ஓட்டிப் பாருங்க" என்றான் மெரியான்.

சாவியைத் திருப்பினால் ஒரு முனகல். பேட்டரி செத்திருந்தது. இத்தனை நாள் நிறுத்தி வைத்தால் அப்படித்தான் ஆகும் என்று அவனுக்கே தோன்றவில்லை. என்ன செய்வது என்று அவன் யோசிப்பதற்குள் அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணை அனுப்பி எகுத்தானை வரவழைத்துவிட்டாள்.

எகுத்தான் தன் வண்டியைக் கேரியின் மூக்கோடு மூக்காகக் கொண்டுவந்து நிறுத்தினார். என்ஜினை அணைக்காமல் இறங்கி, தன் வண்டியின் பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்திவிட்டு, கேபிளை மெரியானிடம் நீட்டினார். "மாட்டு பம்பு."

மெரியான் அதை வாங்காதது போல வாங்கிக்கொண்டு குனிந்தான். பேட்டரி முனையைத் தேடிய கண் வேறிடத்தில் நின்றது. விசிறிக்குப் பின்னால், பம்பு உறையின் காதில், நகம் அளவுக்குப் பித்தளை. அரம் ஓடிய தடம். பக்கத்தில் சரியான துளையில் போல்ட்.

கேபிளைக் கீழே போட்டான்.

"இது என் பம்பு."

"உன் பம்புதான்" என்றார் எகுத்தான்.

"இதை எங்க எடுத்தீங்க?"

"எடுத்தனா? கொடுத்தான். இல்லேன்னா என்னைப் பம்புன்னு ஏன் கூப்பிட்டான்?"

"நீங்க அப்பாவுக்குக் கொடுத்தீங்கன்னு நெனச்சேன்."

எகுத்தான் அவனை ஏற இறங்கப் பார்த்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கையை நீட்டி அணைத்தார். அப்புறம் சொன்னார். ஆறுதல் சொல்கிற குரலில் இல்லை. பல வருஷம் வைத்திருந்த ஒரு குறையைச் சொல்கிற மாதிரி. பெட்டி வந்தபோது கேரியில் டீசல் மாட்டி ஒரு மாசம்கூட ஆகவில்லையாம். அப்பா பிரித்துப் பார்த்தார், புரிந்துகொண்டார், மூடிவிட்டார். மாட்டவும் முடியவில்லை, திருப்பி அனுப்பவும் மனசில்லை. சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டு சாலையெல்லாம் சுமந்தார். அந்த மாதிரிப் பழைய என்ஜின் இன்னும் ஓடிய வண்டி எகுத்தானுடையதுதான். ஒருநாள் பொரோரில் அது கொதித்து நின்றபோது அப்பா பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"புள்ள அவ்வளவு படிச்சிட்டு இல்லாத என்ஜினுக்குச் செஞ்சு அனுப்பியிருக்கான்னு எந்த வாயால சொல்லுவான்? நீயாவது கேட்டியா?"

மெரியான் குனிந்து கீழே கிடந்த கேபிளை எடுத்தான்.

"நிக்கிற எடத்துலயெல்லாம் என் பானெட்டைத் தொறப்பான்" என்றார் எகுத்தான். "உள்ளங்கையை அடியில குடுத்து ஒழுகுதான்னு பாப்பான். நான் காய்ச்சலா கெடந்து வந்தப்போ, எப்படி இருக்கேன்னு கேக்கல. முதல்ல இதைத் தொட்டுப் பாத்தான். பம்பு பம்புன்னு வாய் ஓயாமக் கூப்பிடுவான். யாரைக் கூப்பிடுறான்னு எனக்குத் தெரியாதா? பதில் சொன்னது மட்டும்தான் நான். எனக்கும் வயிறு எரிஞ்சிருக்கு தம்பி."

கேட்டதும் மனசு லேசாகிவிடும் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் தவறு. மெரியானுக்கு இன்னும் எரிந்தது. அந்த உள்ளங்கையை இவர் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பார்த்திருக்கிறார். அவன் பார்க்கவில்லை.

அதற்குள் கிதிஞ்சி கேரியை மறந்துவிட்டு எகுத்தானின் என்ஜினுக்குள் தலையை விட்டிருந்தார்.

"பெரியவரே, இந்த என்ஜின் இந்த வண்டியோடவே பொறந்ததா?"

"பொறந்ததுதான்."

"கதவு?"

"எல்லாம் சொந்தம்தான். நான் யார்கிட்டயும் எதுவும் வாங்கினதில்ல. இந்தப் பம்பைத் தவிர."

கிதிஞ்சியின் முகம் மாறிவிட்டது. மச்சானைத் தனியே கூட்டிப் போய்ப் பேசினார். திரும்பி வந்து, கேரி வேண்டாம், இதைக் கொடுப்பீர்களா என்றார். ஒரே ஒரு குறை, பம்பு மட்டும் கம்பெனிப் பம்பு இல்லை என்றார். கம்பெனிப் பம்பு வீட்டில் பெட்டியில் கிடக்கிறது, கழற்றினதை நான் எறிவதில்லை என்றார் எகுத்தான். சொல்லிவிட்டு வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார். கேரியைப் பார்த்தார். கடைசியாக மெரியானைப் பார்த்தார்.

"இதை இவருக்குக் கொடுத்துட்டா எனக்கு ஓட்ட வண்டி வேணும். பாரகோய் ஆளுங்க நாளைக்கு வந்து நிப்பாங்க."

கேட்டது அவ்வளவுதான். மறுபடியும் கேட்கிற மாதிரி இல்லை.

மெரியான் வண்டிக்கும் அவருக்கும் நடுவில் நின்றான். கொட்டகைக்காரர் கை கழுவிவிட்டார். மறுத்தால் கேரி இங்கேயே நிற்கும். தினமும் விடியலில் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பாள்.

"கொடு" என்றாள் அம்மா வாசலிலிருந்து.

"விக்கிறேன்" என்றான் மெரியான்.

எகுத்தான் சிரித்துவிட்டார். "விவரமான ஆளுதான். கொடுத்தா என்னைக் கேரின்னு கூப்பிடணுமே."

"அந்தப் பேரு யாருக்கும் இல்ல."

"சரி. விலைக்கே வாங்கிக்கிறேன்."

பம்பைக் கழற்றும் வேலையை மெரியான் யாரிடமும் விடவில்லை. அம்மா பழைய பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தாள். தண்ணீரை வடித்தான். விசிறியை எடுத்தான், பெல்ட்டைத் தளர்த்தினான், போல்ட்டுகளை ஒவ்வொன்றாகச் சுழற்றினான். உறை கையில் வந்தது. இறக்கையில் பழுப்பு நிறப் படிவம். விரலால் சுண்டினான், சத்தமில்லாமல் சுற்றியது. தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். ஆட்டமே இல்லை. இவ்வளவு வருஷம், அந்தச் சாலையில். வளைவைச் சரியாகத்தான் கடைந்திருக்கிறான். இதைச் சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்ல முடியாது.

கழற்றியதைத் துடைத்து எகுத்தானிடம் நீட்டினான். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு அவனிடமே திருப்பி நீட்டினார்.

"கேரியிலயும் மாட்டாது, அந்தாளுக்கும் வேண்டாம். பிடி. இது நான் கொடுக்கிறது. வித்தது இல்ல."

மெரியானுக்கு அதன் அர்த்தம் தெரியும். கையைப் பின்னால் வைத்துக்கொண்டான்.

"வாங்கிக்கோ தம்பி" என்றார் எகுத்தான். இந்த முறை குரலில் சிரிப்பு இல்லை. "அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட எனக்கு ஊர்ல ஒரு ஆள் கிடையாது."

வாங்கிக்கொண்டான். கனமாக இருந்தது. அந்தப் பெயரைச் சொல்லவில்லை, எகுத்தானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

பழைய பம்பைக் கொண்டுவந்து மாட்டி, கேபிள் போட்டுக் கேரியைக் கிளப்பி, கிதிஞ்சியின் மச்சான் எகுத்தானின் வண்டியை ஓட்டிக்கொண்டு பளபளக்கும் காரின் பின்னால் போய் மறைவதற்குள் மதியம் தாண்டிவிட்டது. எகுத்தான் தெருத் திருப்பம்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு கேரியில் ஏறினார். இருக்கையை முன்னால் இழுத்தார். அப்பாவின் கால் நீளம். அந்த இருக்கையை இதற்கு முன் யாரும் இழுத்ததில்லை, அப்பாவைக் கொண்டுவந்த அன்று இவரும்கூட. தண்டவாளம் கிறீச்சிட்டது. மெரியான் வேறு பக்கம் பார்த்தான்.

அம்மா உள்ளே போய்க் குடுவையோடு வந்தாள். ஒரு பிடி புல்லை நனைத்து பானெட்டின் மேல் உதறினாள். அவள் அதைச் செய்து அவன் பார்த்ததில்லை. குடுவையை மகன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முற்றத்திலிருந்து சாலைக்கு ஒரு செங்குத்தான ஏற்றம், பாறையும் சரளையுமாக. கேரி கிளம்பியது. பாதியில் இழுக்க மாட்டாமல் திணறியது. என்ஜின் இரும்பை இரும்பால் அடிப்பது போலத் தட்டியது. வெளியே நீட்டிய எகுத்தானின் தலை பின்சக்கரத்தைத்தான் பார்த்தது. மூணாவது கியரிலேயே போகிறார். இந்த ஆள் திருந்தவே மாட்டார்.

ஒரு கையில் பம்பும் ஒரு கையில் பாலுமாக மெரியான் நின்றான். இன்னும் ஒரு நொடியில் என்ஜின் நின்றுவிடும்.

"கியரை இறக்கு, பம்பு."

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டது. எகுத்தானின் தலை உள்ளே போனது, கியர் விழுந்தது, கேரி சரளையை வாரி இறைத்துக்கொண்டு சாலைக்கு ஏறியது.